சபையை ஆளும் மூப்பர்கள்: வேதம் காட்டும் வழி



அடுத்த மாதம் நாம் இரண்டு மூப்பர்களைத் தெரிந்தெடுக்கவிருக்கிறோம் என்பதை நீங்கள் அறிவீர்கள். மூன்று ஞாயிறுகளாக அறிவிப்பு வாசிக்கப்பட்டு வருகிறது. முதல் அறிவிப்பு வாசிக்கப்பட்ட அன்றே, ஆராதனை முடிந்து செருப்பு மாட்டுகிற இடத்தில் சில பெயர்கள் உலாவத் தொடங்கிவிட்டன என்பதை நானும் அறிவேன். அதில் தவறில்லை. ஆனால் பெயர்களுக்கு முன்பாக வரவேண்டிய ஒரு கேள்வி இருக்கிறது. நம்மிடம் அண்மையில் வந்து சேர்ந்த சகோதரர் ஒருவர் அதை என்னிடம் நேராகவே கேட்டார்: "ஐயா, பிரசங்கம் பண்ண நீங்கள் இருக்கிறீர்கள். முடிவு எடுக்கவும் நீங்களே போதாதா? நாலு பேர் உட்கார்ந்து பேசி முடிவு பண்ணுவது உலகத்தார் நடத்தும் கமிட்டியைப் போல அல்லவா இருக்கிறது?"

அவர் குறைகூறும் நோக்கத்தோடு கேட்கவில்லை. அவர் வளர்ந்த சபையில் தேவனுடைய மனிதர் ஒருவர் சொல்லுவார், மற்றவர்கள் கீழ்ப்படிவார்கள். கீழ்ப்படிதல் நல்ல குணமாகையால் அந்த ஒழுங்கும் நல்லதாகவே அவருக்குத் தோன்றியது. அவருக்கு நான் அன்று சொன்ன பதில் சுருக்கமானது. உங்களுக்கு அதை விரிவாகச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். ஏனெனில் நீங்கள் வாக்களிக்கப் போகிறீர்கள்.

திருச்சபை வரலாற்றில் மூன்று விதமான ஆளுகைகள் உண்டு என்று பாடநூல்கள் சொல்லும். போதகர்களுக்கு மேலாகப் பேராயர் ஒருவர் நின்று ஆளுவது ஒன்று. அந்தந்தச் சபையின் விசுவாசிகள் யாவரும் கூடி, வெளியிலுள்ள எந்த அதிகாரத்துக்கும் உட்படாமல் தீர்மானிப்பது மற்றொன்று. சபையாரால் தெரிந்தெடுக்கப்பட்ட மூப்பர்கள் கூட்டாக ஆளுவதும், அப்படிப்பட்ட சபைகள் பலவற்றின் மூப்பர்கள் ஒன்றுகூடி ஒருவருக்கொருவர் கணக்கு ஒப்புவிப்பதும் மூன்றாவது. இந்த மூன்றாவதையே பிரஸ்பிட்டேரியன் ஆளுகை என்கிறோம். பாடநூல்கள் சொல்லாத நான்காவது ஒன்றும் நம் நாட்டில் இருக்கிறது. சபையைத் தொடங்கியவர் அதை ஆளுவார். அவருக்குப் பின் அவருடைய பிள்ளைகள் ஆளுவார்கள். இதற்கு இறையியலில் பெயர் கிடையாது. ஆனால் ஊருக்கு ஊர் காணலாம்.

மூப்பர் என்ற பதவி புதிய ஏற்பாட்டில் புதிதாகத் தோன்றியதல்ல. எரிகிற முட்செடியின் நடுவிலிருந்து மோசேயை அழைத்த தேவன், முதலாவது இஸ்ரவேலின் மூப்பரைக் கூட்டி அவர்களிடம் பேசும்படிதான் அவனுக்குக் கட்டளையிட்டார் (யாத்திராகமம் 3:16). ஜனங்கள் எகிப்தில் அடிமைகளாயிருந்தபோதே அவர்களுக்கு மூப்பர் இருந்தார்கள். பின்பு வனாந்தரத்தில் மோசே தன்னால் இந்த ஜனத்தைச் சுமக்கக் கூடாதென்று முறையிட்டபோது, கர்த்தர் அவனுடைய தோளை இன்னும் பலமாக்கவில்லை. 70 மூப்பரைக் கூட்டச் சொல்லி, மோசேயின்மேலிருந்த ஆவியில் எடுத்து அவர்கள்மேல் வைத்தார் (எண்ணாகமம் 11:16, 17). இதை நான் போதகர் கூட்டங்களில் அடிக்கடி நினைத்துக்கொள்வதுண்டு. சோர்ந்துபோன ஊழியக்காரனுக்கு இன்னும் அதிக வல்லமை வேண்டும் என்று நாம் ஜெபிக்கிறோம். தேவன் மோசேக்குக் கொடுத்தது கூட ஆட்களை. போவாஸ் பெத்லகேமின் வாசலில் ரூத்தின் காரியத்தைத் தீர்த்ததும் மூப்பர் பத்துப்பேரை உட்காரவைத்துத்தான் (ரூத் 4:2). கப்பர்நகூமின் நூற்றுக்கு அதிபதி இயேசுவினிடத்தில் தூது அனுப்பியதும் யூதருடைய மூப்பரைத்தான் (லூக்கா 7:3).

ஆகையால் அப்போஸ்தலர் நடபடிகளில் கிறிஸ்தவச் சபையின் மூப்பர்கள் முதன்முதலாகத் தோன்றும்போது, லூக்கா அவர்களைப் பற்றி விளக்கம் எதுவும் எழுதுவதில்லை. பஞ்சகாலத்தில் அந்தியோகியாவின் விசுவாசிகள் யூதேயாவிலுள்ள சகோதரருக்குச் சேர்த்த பணத்தைப் பர்னபாவும் சவுலும் கொண்டுபோய் மூப்பரிடத்தில் ஒப்புவித்தார்கள் என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிக் கடந்துவிடுகிறார் (11:30). அந்த மூப்பர்கள் எப்போது நியமிக்கப்பட்டார்கள், எத்தனை பேர் என்பதைப் பற்றி ஒன்றும் இல்லை. விளக்கம் தேவைப்படாத அளவுக்கு அது அவர்களுக்குப் பழகிய ஒழுங்கு. மூப்பரைப் பற்றிய அந்த முதல் குறிப்பில் அவர்கள் கையில் இருப்பது பணம் என்பதையும் கவனியுங்கள். எளியோருக்கான பணம் தனி ஒருவருடைய கையில் ஒப்புவிக்கப்படவில்லை.

அடுத்தது 14ஆம் அதிகாரம். லீஸ்திராவில் பவுலைக் கல்லெறிந்து, மரித்துப்போனான் என்று எண்ணி ஊருக்கு வெளியே இழுத்துப் போட்டார்கள். அதன்பின் அவர் தெர்பைக்குப் போனார். அங்கிருந்து தம் சொந்த ஊராகிய தர்சு வழியாக வீடு திரும்பியிருக்கலாம், தூரமும் குறைவு. அவரோ கல்லெறிந்த அதே ஊருக்கும், அதற்கு முன் துரத்திய ஊர்களுக்கும் திரும்பிப் போனார். எதற்காக? சீஷர்களைத் திடப்படுத்தவும், சபைதோறும் மூப்பர்களை ஏற்படுத்தவும் (14:21-23). மூப்பர் இல்லாமல் ஒரு சபையை விட்டுப்போவதைவிட, மறுபடியும் கல்லெறியப்படும் ஆபத்தை ஏற்பது மேல் என்று அவர் எண்ணியிருக்கிறார். சபை ஒழுங்கு என்பது உலர்ந்த விஷயம், ஆத்தும ஆதாயமே முக்கியம் என்று சொல்லுகிறவர்கள் இந்த வழிப்பயணத்தை வரைபடத்தில் ஒருமுறை விரலால் தொடர்ந்து பார்க்கட்டும்.

அங்கே ஏற்படுத்தினார்கள் என்று நாம் வாசிக்கும் இடத்தில் உள்ள கிரேக்கச் சொல்லின் வேர்ப்பொருள் கையை நீட்டுதல் என்பது. வாக்களிக்கக் கையுயர்த்துவதைக் குறிக்க வழங்கிய சொல் அது. 2 கொரிந்தியர் 8:19இல் சபைகள் ஒருவரைத் தெரிந்துகொண்டதைச் சொல்லவும் பவுல் அதையே பயன்படுத்துகிறார். ஆனால் நியமித்தல் என்ற பொதுப்பொருளிலும் அது வழங்கியதாகையால், இந்த ஒரு சொல்லின்மேல் மட்டும் தேர்தல் முறையைக் கட்டி எழுப்ப நான் விரும்பவில்லை. அதற்கு உறுதியான இடம் 6ஆம் அதிகாரம். அங்கே பிறகு வருவோம்.

இப்போது மையமான பகுதிக்கு வாருங்கள். பவுல் எருசலேமுக்குப் போகும் வழியில் மிலேத்து துறைமுகத்தில் தங்கி, ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவிலிருந்த எபேசுவுக்கு ஆள் அனுப்பி, சபையின் மூப்பரை வரவழைத்தார் (20:17). வந்தவர்களிடம் பேசும்போது, பரிசுத்த ஆவியானவர் அவர்களைக் கண்காணிகளாக வைத்திருக்கிறார் என்கிறார். மந்தையை மேய்க்க வேண்டுமென்கிறார் (20:28). மூப்பர், கண்காணி, மேய்ப்பர் என்று நாம் மூன்று பதவிகளாக நினைப்பதை அவர் ஒரே கூட்டத்தாரைக் குறித்துச் சொல்லுகிறார். தீத்துவுக்கு எழுதும்போதும் அப்படியே. பட்டணந்தோறும் மூப்பரை ஏற்படுத்தச் சொல்லிவிட்டு, அவர்களுடைய தகுதிகளை அடுக்கும்போது இரண்டு வசனங்களுக்குள் கண்காணி என்ற சொல்லுக்கு மாறிவிடுகிறார் (தீத்து 1:5-7). பேதுருவும் மூப்பருக்குப் புத்திசொல்லும்போது மேய்ப்பதையும் கண்காணிப்பதையும் அவர்களுக்குரிய வேலையாகவே கூறி, தம்மை அவர்களுக்கு மேலாக வைக்காமல் உடன்மூப்பன் என்று அழைத்துக்கொள்கிறார் (1 பேதுரு 5:1, 2). பிலிப்பி ஒரே பட்டணம். அங்கே எழுதிய நிருபத்தின் முதல் வசனத்தில் கண்காணிகள் என்று பன்மை இருக்கிறது, கூடவே உதவிக்காரர். அவ்வளவுதான். இவர்களுக்கு மேலே ஒருவருக்கு அந்த வாழ்த்துரையில் இடமில்லை.

கிரேக்கத்தில் மூப்பர் என்பது பிரெஸ்புட்டெரோஸ். கண்காணி என்பது எபிஸ்கோப்போஸ். பின்னாளில் உலகமெங்கும் பேராயரைக் குறிக்க வழங்கிய சொற்கள் இந்த இரண்டாவதிலிருந்து பிறந்தவை. முதலாவதிலிருந்து பிரஸ்பிட்டேரியன் என்ற நம் பெயர் பிறந்தது. நம் தமிழ்நாட்டில் இன்னொரு விநோதமும் உண்டு. 1908இல் பிரஸ்பிட்டேரியன் சபைகளும் சபையாராட்சிச் சபைகளும் இணைந்து தென்னிந்திய ஐக்கிய சபையாயின. அது 1947இல் ஆங்கிலிக்கன், மெதடிஸ்டு சபைகளோடு சேர்ந்து தென்னிந்தியத் திருச்சபை ஆயிற்று. அங்கே பேராயர் உண்டு. எனினும் ஆயரைப் பிரஸ்பிட்டர் என்றே குறிப்பிடுகிறார்கள். மூப்பர் என்று பொருள்படும் அந்தச் சொல்லை, வயதில் மிக இளைய ஆயரைக் குறித்தும் நம் உறவினர்கள் நாள்தோறும் வழங்குகிறார்கள்.

ஆதிச்சபையிலேயே பேராயர் இருந்தாரே என்று கேட்பீர்களானால், அதை மறைக்க நான் முற்படவில்லை. இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தியோகியாவின் இக்னேஷியஸ் எழுதிய கடிதங்களில் ஒரு கண்காணியும், அவருக்குக் கீழே மூப்பரும், உதவிக்காரரும் என்ற மூன்று படிகள் தெளிவாகவே காணப்படுகின்றன. ஆனால் முதல் நூற்றாண்டின் இறுதியையொட்டி ரோமச் சபையிலிருந்து கொரிந்துவுக்கு எழுதப்பட்ட, கிளெமென்டின் பெயரால் வழங்கும் கடிதத்தில் மூப்பரும் கண்காணியும் வேறுபாடின்றியே பேசப்படுகிறார்கள். லத்தீன் வேதத்தை நமக்குத் தந்த ஜெரோம், தீத்துவின் நிருபத்துக்கு எழுதிய விளக்கவுரையில், ஆதியில் இருவரும் ஒருவரே என்றும், பிரிவினைகள் எழும்பியபோது அவற்றை அடக்கவே ஒருவரை மற்றவர்களுக்கு மேலாக வைக்கும் வழக்கம் வந்தது என்றும் ஒப்புக்கொள்கிறார். அவர் பேராயர் ஆட்சியின் எதிரியல்லர். ஆகையால் அவருடைய சாட்சிக்கு எடை அதிகம்.

பிரிவினையைத் தடுக்க ஒருவரை மேலே வைப்பது புத்தியான காரியம்தானே? ஜெரோமின் காலத்தார் அப்படித்தான் எண்ணினார்கள். ஆனால் மிலேத்துவுக்குத் திரும்பிப் போங்கள். மந்தையைத் தப்பவிடாத கொடிய ஓநாய்கள் வெளியிலிருந்து வரும் என்று மாத்திரமல்ல, உங்களுக்குள்ளேயே மாறுபாடானவைகளைப் போதிக்கிறவர்கள் எழும்புவார்கள் என்றும் பவுல் அந்த மூப்பர்களின் முகத்தைப் பார்த்தே சொன்னார் (20:29, 30). பிரிவினை வரும் என்பது அவருக்குத் தெரியும். அது எங்கிருந்து வரும் என்பதும் தெரியும். அந்த நிலையிலும், ஆகையால் உங்களில் இன்னாரை உங்களுக்கு மேலாக வைத்துப்போகிறேன் என்று அவர் சொல்லவில்லை. தங்களைக் குறித்தும் மந்தை முழுவதைக் குறித்தும் எச்சரிக்கையாயிருக்கச் சொல்லி, அவர்களைத் தேவனுக்கும் அவருடைய கிருபையுள்ள வசனத்துக்கும் ஒப்புக்கொடுத்தார். மூப்பர்கள் ஒருவரையொருவர் காத்துக்கொள்ள வேண்டும். எல்லாரும் வசனத்துக்குக் கீழ் நிற்க வேண்டும். அவருக்கு அது போதுமானதாக இருந்தது. ஏனெனில் மேலே உள்ள அந்த இடம் காலியாக இல்லை. சபைக்குத் தலை ஒருவர் இருக்கிறார். பிரதான மேய்ப்பர் வெளிப்படும்போது கணக்குக் கேட்பார் (1 பேதுரு 5:4).

இதை நான் புத்தகத்திலிருந்து மட்டும் எழுதவில்லை. நான் வளர்ந்த ஊரில் ஒரு சபை இருந்தது. அதன் பெயர் இங்கே வேண்டாம். அதைத் தொடங்கிய போதகர் உண்மையுள்ளவர். மிதிவண்டியில் பதினெட்டுப் பட்டிக்கும் போய் ஜெபிப்பார். அவருடைய வீட்டில் பசியோடு போனவர்கள் பசியோடு திரும்பியதில்லை. பிரசங்க பீடம், காணிக்கைப் பெட்டியின் சாவி, ஞானஸ்நானப் பதிவேடு, நிலப்பத்திரம் எல்லாம் அவர் கையிலேயே இருந்தன. அவர் உயிரோடிருந்த வரையில் ஒரு ரூபாயும் தவறவில்லை. அவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்த இரண்டாம் ஆண்டில், பத்திரம் யாருக்கு என்று பிள்ளைகள் இருவரும் நீதிமன்றம் போனார்கள். வழக்கு முடியும்வரை ஆலயக் கதவுக்கு இரண்டு பூட்டுகள் தொங்கின. என் பாட்டி கொஞ்சக் காலம் வாசற்படியில் உட்கார்ந்து ஜெபித்துவிட்டு வருவார். பிறகு அதுவும் நின்றுவிட்டது. அந்தக் கேடு ஒரு கெட்ட மனிதரால் வந்ததல்ல. நல்லவர் ஒருவர், தம் பக்கத்தில் யாரும் இல்லாமல் நின்றதால் வந்தது. மேய்ப்பர்களுக்கு ஆயுசு உண்டு. மந்தை அவர்களுக்குப் பின்னும் இருக்க வேண்டும்.

இனி, மூப்பர் எல்லாரும் பிரசங்கம் செய்ய வேண்டுமா என்ற கேள்வி. நன்றாய் விசாரணை செய்கிற மூப்பரை இரட்டிப்பான கனத்துக்குப் பாத்திரராக எண்ண வேண்டுமென்றும், விசேஷமாக வசனத்திலும் உபதேசத்திலும் பிரயாசப்படுகிறவர்களை அப்படி எண்ண வேண்டுமென்றும் பவுல் எழுதுகிறார் (1 தீமோத்தேயு 5:17). விசேஷமாக என்று சிலரைப் பிரித்துச் சொல்லுவதால், ஆளுகையில் பங்குபெற்றும் பிரசங்கத்தை முழுநேர வேலையாகக் கொள்ளாதவர்களும் அங்கே இருந்தார்கள் என்று அறிகிறோம். நம்மிடையே போதிக்கும் மூப்பர், ஆளும் மூப்பர் என்று இருவகையாகச் சொல்லுவது இதனால்தான். இருவரும் மூப்பரே. கூட்டத்தில் என் வாக்கு ஒன்று. அலுவலகத்திலிருந்து நேராக வந்து அமரும் மூப்பருடைய வாக்கும் ஒன்று. இந்தப் பகுப்பைக் குறித்துச் சீர்திருத்தச் சபைகளுக்குள்ளேயே விவாதம் உண்டு. போதகசமர்த்தனாயிருத்தல் கண்காணி ஒவ்வொருவருக்கும் சொல்லப்பட்ட தகுதியல்லவா என்று சிலர் கேட்பது நியாயமே (1 தீமோத்தேயு 3:2). ஆகவே ஒருவரை நீங்கள் மூப்பராக முன்மொழியும்போது, துக்க வீட்டில் வேதத்தைத் திறந்து நாலு வார்த்தை சொல்ல அவரால் கூடுமா என்று பாருங்கள். பீடத்தில் பேசத் தேவையில்லை. ஆனால் வசனம் தெரியாதவர் மூப்பராகக் கூடாது.

அதே அதிகாரத்தில், மூப்பனுக்கு விரோதமான குற்றச்சாட்டை இரண்டு மூன்று சாட்சிகள் இல்லாமல் ஏற்கலாகாதென்றும், பாவம் செய்தவர்களை எல்லாருக்கும் முன்பாகக் கடிந்துகொள்ள வேண்டுமென்றும் இருக்கிறது (5:19, 20). வதந்தியிலிருந்து மூப்பருக்குப் பாதுகாப்பு உண்டு; பதவியைக் காட்டிப் பாவத்தை மூட அவருக்கு இடமில்லை. அபிஷேகம் பண்ணப்பட்டவர்களைத் தொடாதே என்று மேற்கோள் காட்டிக் கணக்குக் கேட்பவர்களின் வாயை அடைப்பவர்கள், பவுல் எழுதிய இந்த இரண்டு வசனங்களையும் சேர்த்து வாசிப்பது நல்லது.

ஒரு சபையின் மூப்பர்கள் எல்லாருமே சேர்ந்து தவறினால்? அதற்காகத்தான் 15ஆம் அதிகாரம். புறஜாதி விசுவாசிகள் விருத்தசேதனம் பெற வேண்டுமா என்ற வாக்குவாதம் அந்தியோகியாவில் எழுந்தது. அங்கே பவுல் இருந்தார். அப்போஸ்தலர் ஒருவர் இருக்கும்போது அவர் சொன்னதோடு காரியம் முடிந்திருக்கலாம். முடியவில்லை. எருசலேமிலிருக்கிற அப்போஸ்தலரிடத்துக்கும் மூப்பரிடத்துக்கும் போகும்படி ஆட்களை அனுப்பினார்கள். அந்தச் சங்கத்தைப் பற்றிய பகுதியில் அப்போஸ்தலரும் மூப்பரும் என்ற இணைப்பு, முடிவுகளைச் சபைகளுக்குக் கொடுக்கும் 16:4 உட்பட ஆறு முறை வருகிறது. அங்கே வானத்திலிருந்து சத்தம் உண்டாகவில்லை. மிகுந்த தர்க்கம் உண்டாயிற்று (15:7). பேதுரு நடந்ததைச் சொன்னார், பர்னபாவும் பவுலும் சாட்சி சொன்னார்கள், யாக்கோபு தீர்க்கதரிசியின் வாக்கை எடுத்துக் காட்டினார். பிறகு முடிவு. அந்த முடிவு எருசலேமுக்கு மட்டுமல்ல, பல சபைகளுக்கும் உரியதாயிற்று. நம் மூப்பர் குழுவுக்கு மேலாக, அண்டைச் சபைகளின் போதகர்களும் மூப்பர்களும் சேர்ந்த பிரஸ்பிட்டரி ஒன்று இருப்பதன் வேர் இங்கே இருக்கிறது. தீமோத்தேயுவின்மேல் கைகளை வைத்தவர்களும் மூப்பராகிய சங்கத்தாரே (1 தீமோத்தேயு 4:14). நான் தவறாக உபதேசித்தால், நீங்கள் என்னைப் பகைத்துக்கொள்ளவோ வேறு சபை தேடிப் போகவோ தேவையில்லை. முதலில் என்னிடம் வாருங்கள். நான் கேளாவிட்டால் மூப்பரிடத்தில் சொல்லுங்கள். அங்கும் தீராவிட்டால் பிரஸ்பிட்டரிக்கு எழுதுங்கள். அது முறுமுறுப்பல்ல, ஒழுங்கு.

சகோதரரின் கேள்விக்கும் இங்கே பதில் இருக்கிறது. நாலு பேர் கூடிப் பேசுவது உலகத்தாருடைய வழக்கம் என்றார். எருசலேமில் கூடியவர்கள் தங்கள் முடிவைப் பரிசுத்த ஆவியானவருடைய முடிவாகவும் தங்களுடையதாகவும் எழுதி அனுப்பினார்கள் (15:28). ஆவியானவர் ஒருவருடைய காதில் மட்டும்தான் பேசுவார் என்று எண்ணத் தேவையில்லை.

16ஆம் நூற்றாண்டுச் சீர்திருத்தக்காரர் இந்த ஒழுங்கைப் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. தூசு தட்டி எடுத்தார்கள். 1538இல் ஜெனீவாவிலிருந்து துரத்தப்பட்ட கால்வின் 1541இல் திரும்பி வந்ததும் முதல் வேலையாகச் சபை ஒழுங்குச் சட்டத்தை எழுதினார். அதில் போதகர், ஆசிரியர், மூப்பர், உதவிக்காரர் என்று நான்கு ஊழியங்கள். மூப்பர் 12 பேர், போதகர்களோடு வாரந்தோறும் வியாழக்கிழமை கூடினார்கள். அந்தப் பன்னிருவரும் நகர ஆட்சி மன்றங்களிலிருந்து எடுக்கப்பட்டது அந்த ஏற்பாட்டின் பலவீனம் என்பது என் எண்ணம். அரசும் சபையும் ஒரே நாற்காலியில் அமர்ந்தன. ஸ்காட்லாந்தில் அந்த முடிச்சு அவிழ்க்கப்பட வேண்டியதாயிற்று. ஜான் நாக்ஸும் அவருடைய தோழரும் 1560இல் எழுதிய முதல் ஒழுங்கு நூல், மூப்பரையும் உதவிக்காரரையும் ஆண்டுதோறும் தெரிந்தெடுக்கச் சொன்னது. நெடுநாள் பதவியில் இருந்தால் சபையின் சுதந்தரத்தின்மேல் துணிந்து கைவைப்பார்கள் என்ற அச்சம் அவர்களுக்கு. 1578இல் வந்த இரண்டாம் நூலோ, மூப்பர் அழைப்பு வாழ்நாள் முழுவதுக்குமானது என்றது. எதற்கு வேத ஆதாரம் உண்டு என்று கேட்டால், இரண்டுக்கும் நேரடியான கட்டளை இல்லை. மூப்பர் பலர் இருக்க வேண்டும் என்பது வேதத்தின் ஒழுங்கு; அவர்கள் எத்தனை ஆண்டுகள், எத்தனை பேர், மாதம் எத்தனை கூட்டம் என்பவை நம் விவேகத்துக்கு விடப்பட்டவை. வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கை தன் முதல் அதிகாரத்திலேயே இந்த வேறுபாட்டைச் சொல்லிவிடுகிறது. அதனால் மற்ற ஒழுங்கின் கீழ் இருக்கிற சகோதரரைச் சபையல்லாதவர் என்று நாம் சொல்லுவதில்லை.

1596இல் ஃபாக்லாந்து அரண்மனையில் ஆண்ட்ரூ மெல்வில் என்ற ஸ்காட்லாந்துப் போதகர் ஆறாம் ஜேம்ஸ் அரசரின் அங்கிக் கையைப் பிடித்துக்கொண்டு, ஸ்காட்லாந்தில் இரண்டு அரசர்களும் இரண்டு இராஜ்யங்களும் உண்டு, கிறிஸ்துவின் இராஜ்யமாகிய சபையில் நீர் அரசருமல்ல, தலையுமல்ல, ஓர் அங்கத்தினரே என்ற பொருள்படப் பேசினார். அரசரிடத்தில் சொன்னது போதகரிடத்திலும் பொருந்தும். நானும் ஓர் அங்கத்தினன்.

மூப்பர் ஆளுகை இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லுவதாக நினைத்துவிடாதீர்கள். நம் ஆண்டவரைப் பிலாத்துவிடம் ஒப்புவித்தவர்கள் பிரதான ஆசாரியரோடு கூடிய மூப்பர்கள்தாம். அவர்களும் கூட்டம் கூட்டினார்கள், சாட்சிகளையும் தேடினார்கள். எல்லாரிலும் முதன்மையாயிருக்க விரும்பிய தியோத்திரேப்பு ஒரு சபைக்குள்தான் இருந்தான். யோவானுடைய ஆட்களையே ஏற்றுக்கொள்ளாமற்போனான் (3 யோவான் 9, 10). ஒழுங்கு ஒரு பாத்திரம். யாரை உள்ளே வைக்கிறோம் என்பதில் காரியம் இருக்கிறது. ஆகையால்தான் பவுல் தகுதிகளை எழுதும்போது நிர்வாகத் திறமையைப் பற்றி ஏறக்குறைய ஒன்றும் சொல்லாமல், கோபம், மதுபானம், பண ஆசை, வீடு, விருந்தோம்பல், வெளியார் மதிப்பு என்று அடுக்கிக்கொண்டே போகிறார். படிப்பும் வசதியும் அங்கே இல்லை. பரம்பரையும் இல்லை.

இப்போது 6ஆம் அதிகாரம். செருப்பு மாட்டும் இடத்தில் நான் கேட்ட பேச்சுக்கு நேராக இது வருகிறது. இந்தத் தெருவுக்கு ஒருவர், அந்தக் குடும்பத்துக்கு ஒருவர் என்று சிலர் கணக்குப் போடுகிறீர்கள். தெரு என்றும் குடும்பம் என்றும் சொல்லும்போது எதைச் சொல்லுகிறோம் என்பது நம் எல்லாருக்கும் தெரியும். அந்தச் சொல்லை இங்கே எழுதக்கூட எனக்கு மனமில்லை.

எருசலேம் சபையிலும் இரண்டு பிரிவினர் இருந்தார்கள். கிரேக்கம் பேசினவர்கள், எபிரெயர். கிரேக்கம் பேசிய விதவைகள் அன்றாட உதவியில் கைவிடப்பட்டார்கள் என்று முறுமுறுப்பு எழுந்தது. அப்போஸ்தலர் பன்னிருவரும் சபையாரைக் கூட்டி, நற்சாட்சி பெற்ற ஏழுபேரை நீங்களே தெரிந்துகொள்ளுங்கள், நாங்கள் அவர்களை ஏற்படுத்துவோம் என்றார்கள். தெரிவு சபையாருடையது, கைகளை வைத்து ஏற்படுத்துவது ஊழியருடையது. நம் முறை இன்றும் இதுவே. அந்தச் சபையார் யாரைத் தெரிந்துகொண்டார்கள்? ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பெயர்கள். கடைசியானவர் பிறப்பால் யூதரும் அல்லர். அந்தியோகியாவிலிருந்து வந்து யூதமார்க்கத்தமைந்தவர். யூதர்களும் கிரேக்கப் பெயர் வைத்துக்கொள்வதுண்டு என்பது உண்மையே. ஆனாலும் ஏழில் ஏழு என்பது தற்செயலாகத் தோன்றவில்லை. நாலு இவர்களுக்கு, மூன்று அவர்களுக்கு என்று அவர்கள் பங்கிடவில்லை. எருசலேமிலே எபிரெயர் கை ஓங்கியிருந்தது. அந்தக் கையினால் அவர்கள் பணப்பையை முழுவதுமாக, புறக்கணிக்கப்பட்டோம் என்று அழுதவர்களிடத்திலேயே ஒப்புக்கொடுத்தார்கள். தங்கள் விதவைகளையும் சேர்த்து இவர்களே போஷிக்கட்டும் என்று நம்பினார்கள். அதன்பின் சீஷருடைய தொகை மிகவும் பெருகிற்று என்றும், ஆசாரியர்களில் அநேகர் விசுவாசத்துக்குக் கீழ்ப்படிந்தார்கள் என்றும் லூக்கா எழுதுகிறார் (6:7).

இந்த ஏழுவரை உதவிக்காரர் என்று அந்த அதிகாரம் பெயரிட்டு அழைக்கவில்லை. ஆனால் பந்தியில் செய்த ஊழியத்துக்கும், அப்போஸ்தலர் வசனத்தில் செய்த ஊழியத்துக்கும் கிரேக்கத்தில் ஒரே சொல்தான், டயாக்கொனியா. உதவிக்காரர் பதவியை மூப்பர் பதவிக்கு ஏறும் படியாக நினைக்கும் வழக்கம் நம்மிடையே இருக்கிறது. அது அப்படியல்ல. அரிசி மூட்டையை எடுத்துக்கொண்டு மூன்றாவது தெருவுக்குப் போகும் நம் உதவிக்காரரும் ஊழியந்தான் செய்கிறார். அவர்களைப் பற்றி வேறொரு வாரம் தனியாக எழுதுகிறேன்.

பெயர்களை எழுதித் தருவதற்கு முன்பாக 1 தீமோத்தேயு 3ஐயும் தீத்து 1ஐயும் வீட்டில் சத்தமாக வாசியுங்கள். நீங்கள் எழுத நினைக்கும் சகோதரரிடம் முன்னதாக வாக்குறுதி எதுவும் கொடுக்க வேண்டாம், வாங்கவும் வேண்டாம். மாதத்தின் கடைசி ஞாயிறு மாலைக்குள் மூப்பர் குழுவின் செயலாளரிடம் சீட்டு சேர வேண்டும். பெயர் வந்தவர்களை மூப்பர் குழு சந்தித்து விசுவாசத்தையும் வாழ்க்கையையும் குறித்து விசாரிக்கும். அதற்குப் பிறகே உங்கள் முன் வாக்குக்கு வரும். எழுதத் தெரியாத தாய்மார் இதனால் ஒதுங்கி நிற்க வேண்டாம். வயது சென்ற மூப்பர் ஒருவரும் நானும் புதன்கிழமை மாலைகளில் வீடுகளுக்கு வருகிறோம். நீங்கள் சொல்லும் பெயரை உங்கள் முன்பாகவே எழுதி, வாசித்துக் காட்டி, உறையில் ஒட்டிக் கொண்டுபோவோம்.